டேவிட்டும் கீத்தும்: ஐந்து பருவ ஊடல்

'சிக்ஸ் ஃபீட் அண்டர்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை அண்மையில் இரண்டாம் முறையாக, 63 பகுதிகளையும் ஒன்றுவிடாமல் பார்த்து முடித்தோம். எச்.பி.ஓ. அலைவரிசையில் 2001 ஜூனில் தொடங்கி 2005 ஆகஸ்டில் நிறைவுற்ற தொடர் இது. 'அமெரிக்கன் பியூட்டி' திரைப்படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கர் விருது பெற்ற ஆலன் பால் உருவாக்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தாம் குடியிருக்கும் வீட்டிலேயே ஈமச்சடங்கு நிலையம் நடத்தும் ஃபிஷர் குடும்பத்தின் கதை. மேல் மாடங்களில் குடும்பம் உண்டு உறங்கும். கீழ்த்தளத்தில் பிணங்கள் கழுவப்பட்டு, பதப்படுத்தப்பட்டு, ஒப்பனை செய்யப்படும். ஒவ்வொரு பகுதியும் ஏதேனும் ஒரு மரணத்தோடு தொடங்கும் (மிகச் சில விலக்குகள் உண்டு). முதல் பகுதியில் சாவது குடும்பத் தலைவரே. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில், தாம் புதிதாக வாங்கிய அமரர் ஊர்தியை ஓட்டி வரும்போது பேருந்து மோதி இறந்துபோகிறார்.

இத்தொடரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் கடைசிச் சில நிமிடங்களைப் பற்றியே எழுதுகிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் இம்முறை நம்மைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. குடும்பத்தின் இரண்டாம் மகன் டேவிட் ஃபிஷருக்கும் காவல்துறை அதிகாரியான கீத் சார்ல்ஸுக்கும் இடையே, ஐந்து பருவங்களாக ஓயாமல் நடக்கும் சண்டை. இவ்விருவரின் காதலே அத்தொடரின் மிகச் சிறந்த பகுதி என்பது நம் எண்ணம். அதன் மிகப்பெரிய குறையும் அதற்குள்ளேயே இருக்கிறது என்பதை இரண்டாம் வாசிப்பில்தான் (தொடரையும் வாசிப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்) தெளிவாகக் காண முடிந்தது.

காலத்தைச் சற்று நினைவில் கொள்வது நல்லது. 1989இல் 'தர்ட்டிசம்திங்' என்ற அமெரிக்கத் தொடரில் இரண்டு ஆண்கள் ஒரே கட்டிலில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் காட்சி வந்தது. ஒருவரையொருவர் தொடக்கூட இல்லை. அதற்கே விளம்பரதாரர்கள் விலகிக்கொண்டனர். 'டாசன்ஸ் க்ரீக்' தொடரில் இரண்டு இளைஞர்கள் முத்தமிட்டுக்கொண்டது 2000ஆம் ஆண்டு மே மாதத்தில். அதுவும் ஒரு செய்தியாகப் பேசப்பட்டது. நகைச்சுவைத் தொடரான 'வில் அண்ட் கிரேஸ்' 1998 முதலே ஓடிக்கொண்டிருந்தது என்றாலும், அதன் நாயகன் வில்லுக்குக் காதல் வாழ்க்கை என்று ஒன்று இருப்பதைத் தொடர் பல ஆண்டுகள் ஓரக்கண்ணாலேயே பார்த்தது. எச்.பி.ஓ. சந்தாப் பணத்தில் நடப்பது. விளம்பரதாரரின் முகக்குறிப்பைப் பார்க்க வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. டேவிட்டும் கீத்தும் காலை உணவு மேசையில் அமர்ந்து சிடுசிடுக்க முடிந்ததற்குப் பின்னால் இப்படியொரு கணக்குப்புத்தகக் காரணமும் உண்டு.

தொடக்கத்தில் டேவிட் ஒளிந்து வாழ்பவன். தேவாலயத்தில் டீக்கன், கறுப்பு உடை, மடிப்புக் கலையாத குரல். மைக்கேல் சி. ஹால் இந்தப் பாத்திரத்தைத் தோள்களாலேயே நடித்திருக்கிறார் எனலாம். யாரோ பின்னாலிருந்து கூப்பிடப்போவதாக எந்நேரமும் எதிர்பார்க்கும் தோள்கள் அவை. கீத்தோ (நடித்தவர் மாத்யூ செயின்ட் பாட்ரிக்) தன்னை மறைக்காதவன். கறுப்பினத்தவன், காவலன், கோபக்காரன். முதல் பருவத்தில், வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவன் இருவரையும் பார்த்து இழிசொல் வீசுகிறான். கீத் இறங்கிப் போய்ப் பணி அடையாளத்தைக் காட்டி அவனை மடக்குகிறான். டேவிட்டுக்கு அவமானம் இழிசொல்லால் வரவில்லை. கீத் அதைக் கேட்காததுபோல் போகவில்லையே என்பதால் வருகிறது. இந்த ஒரு புள்ளியிலிருந்து அவர்கள் பிரிவது வரை தொடர் பொறுமையாகக் கொண்டுசெல்கிறது. சமூகத்தின் வெறுப்பு இருவருக்கிடையே நுழைந்து, இருவரின் சொந்தச் சண்டையாக வேடமிட்டுக்கொள்ளும் விதத்தை இத்தனை துல்லியமாகக் காட்டிய காட்சி தொலைக்காட்சியில் அரிது.

முதல் பருவத்தின் பன்னிரண்டாம் பகுதியில், தன்பாலீர்ப்பாளன் என்ற காரணத்துக்காகவே அடித்துக் கொல்லப்பட்ட இளைஞன் ஒருவனின் உடல் நிலையத்துக்கு வருகிறது. சிதைந்த அந்த முகத்தைப் பெற்றோர் காணத்தக்கதாக மாற்றும் வேலை டேவிட்டுக்கு. இத்தொடரில் இறந்தவர்கள் எழுந்து பேசுவார்கள். ஆவியாக அன்று, உயிரோடிருப்பவரின் மனக்குரலாக. அந்த இளைஞனும் பேசுகிறான். டேவிட் தனக்குள் பூட்டி வைத்திருந்த வெறுப்பையெல்லாம் அவன் வாயால் டேவிட்டிடமே சொல்கிறான். அதே பகுதியில்தான் டேவிட் தன் தாயிடம் உண்மையைச் சொல்கிறான். தொழிலும் காதலும் ஒன்றையொன்று தொடும் இடம் அது. ஒரு முகத்தை மெழுகாலும் வண்ணத்தாலும் மீட்டெடுக்கத் தெரிந்தவன், தன் முகத்தை இத்தனை நாள் அதே மெழுகால் மூடி வைத்திருந்தான் என்பதைத் தொடர் ஒரு வாக்கியத்திலும் சொல்வதில்லை. கைகளைக் காட்டுகிறது, அவ்வளவே.

இத்தகைய கதைகள் வழக்கமாக இங்கே முடிந்துவிடும். உண்மையைச் சொல்லியாயிற்று, தாய் ஒருவாறு ஏற்றுக்கொண்டாள், இசை எழும். 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' இதற்கு அப்பால் இன்னும் நான்கு பருவங்கள் செல்கிறது. நாம் ஊடல் என்று தலைப்பில் குறித்தது அந்த நான்கு பருவங்களைத்தான்.

ஊடல் என்ற சொல்லை இங்கே கொண்டுவருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மருதத்திணைக்கு உரிப்பொருளாக ஊடலை வைத்த மரபு நம்முடையது. வள்ளுவர் தம் நூலையே அங்குதான் கொண்டுபோய் முடிக்கிறார். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று கடைசி மூன்று அதிகாரங்களும் அதற்கே. ஊடுவதற்கு உரிமை வேண்டும் என்பது அம்மரபின் உட்கிடை. வழிப்போக்கனோடு யாரும் ஊடுவதில்லை. இன்னார் எனக்குரியவர் என்ற உறுதி இருந்தால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும். அதுவரை திரையில் தோன்றிய ஆண் காதலர்களுக்கு இல்லாதிருந்தது இந்த உரிமைதான். அவர்கள் ஒளிந்தார்கள், கண்டுபிடிக்கப்பட்டார்கள், நோயுற்றார்கள், இறந்தார்கள். சலித்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் தரப்படவில்லை.

நம் நண்பர் ஒருவர், இன்னோர் ஆணோடு பல்லாண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்பவர், இதை வேறுவிதமாகச் சொன்னார். "எங்களைப் போன்றவர்கள் சண்டை போட்டால், பார்த்தாயா, இது நிலைக்காது என்பார்கள். அதனால் விருந்தினர் முன்னால் நாங்கள் சண்டை போடுவதேயில்லை. அந்த இரண்டு பேரும் எல்லார் முன்னாலும் சண்டை போட்டார்கள்." மூன்றாம் பருவம் அவருக்கு மிகவும் பிடித்தது. டேவிட்டும் கீத்தும் ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கி, தம்பதியருக்கான ஆலோசனைக்குச் சென்று, அங்கே கற்ற பண்பட்ட வாக்கியங்களை வீட்டில் ஆயுதங்களாக மாற்றிக்கொள்ளும் பருவம் அது. நகைச்சுவையும் கசப்பும் ஒரே தட்டில். வள்ளுவரின் ஊடலில் கூடல் உறுதி. இவர்களின் ஊடலிலோ அந்த உறுதி கிடையாது. பருவ முடிவில் டேவிட் வெளியேறியே விடுகிறான். ஆனால் அவர்கள் பிரிவது இரண்டு ஆண்கள் என்பதால் நிகழவில்லை. இன்ன குணமுள்ள இந்த இருவர் என்பதால் நிகழ்கிறது. பிறகு சேர்வதும் அப்படியே.

இத்தனையும் சொன்னபின் குறைக்கு வருவோம்.

கீத் யார்? ஐந்து பருவங்களுக்குப் பிறகும் இக்கேள்விக்கு நம்மிடம் உள்ள விடை மெலிந்தது. கொடுமைக்காரத் தந்தை, போதைக்கு அடிமையான தங்கை, அவளுடைய சிறு மகள் என்று அவனுக்கும் ஒரு குடும்பம் தரப்பட்டிருக்கிறது. ஆனால் அக்குடும்பம் ஒரு சிக்கலாக மட்டுமே திரைக்குள் வருகிறது. அவன் கோபத்துக்குத் தந்தையின் வன்முறையைக் காரணமாகக் காட்டிவிட்டுக் கதை திருப்தியடைந்துவிடுகிறது. காவல் பணியில் அத்துமீறி அடித்ததற்காக வேலையை இழந்து, தனியார் காவலாளியாகி, பிறகு பாடகி ஒருத்தியின் மெய்க்காவலனாகிறான். ஒரு கறுப்பின ஆண் அந்நகரின் காவல் சீருடையில் இருப்பது என்றால் என்ன, அதை இழப்பது என்றால் என்ன என்ற கேள்விகளைத் தொடர் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது, உள்ளே நுழைவதில்லை. நான்காம் பருவத்தில் அவன் அந்தப் பாடகியோடு உறவு கொள்வதாக வரும் திருப்பத்துக்கு என்ன தேவை இருந்தது என்று இன்றுவரை நமக்கு விளங்கவில்லை.

இதைவிட ஆழமான குறை தொடரின் கட்டுமானத்திலேயே உள்ளது. இறந்தவரோடு உரையாடும் வசதியைக் குறிப்பிட்டோம். டேவிட், அண்ணன் நேட், தங்கை கிளேர், தாய் ரூத் என ஃபிஷர் குடும்பத்தார் அனைவரின் உள்மனத்தையும் நாம் அறிவது அதன் வழியாகத்தான். கீத்துக்கு அந்த வசதி ஏறக்குறைய வாய்க்கவேயில்லை. அவன் மனத்தை அவன் பேச்சாலும் முகத்தாலும் ஊகித்தறிய வேண்டியிருக்கிறது. காதலரில் ஒருவரின் கனவுக்குள்ளும் நுழைந்து பார்க்கிறோம். மற்றவரை வாசற்படியில் நின்று பார்க்கிறோம். மாத்யூ செயின்ட் பாட்ரிக் இதை ஈடுசெய்ய எடுக்கும் முயற்சி வியப்பூட்டுவது. டேவிட் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிகளை மட்டும் தனியே பார்த்தாலும் ஒரு முழு மனிதன் கிடைப்பான். நடிகர் எழுதிச் சேர்த்ததை எழுத்தாளர் கணக்கில் வரவு வைப்பதற்கில்லை.

நான்காம் பருவத்தின் ஐந்தாம் பகுதி இன்னொரு பெரும் சர்ச்சை. வழியில் நின்ற இளைஞன் ஒருவனுக்கு உதவப் போய், துப்பாக்கி முனையில் சிறைப்பட்டு, ஒரு மாலை முழுதும் டேவிட் வதைபடும் கதை. வழக்கமான கதைப்பின்னல்களையெல்லாம் கைவிட்டு, பகுதியின் பெரும்பங்கும் அந்த வண்டிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. உடலில் பெட்ரோல் ஊற்றப்பட்டு வாயில் துப்பாக்கி செருகப்படும் வரை போகிறது. நம் நண்பர் இதை மன்னிக்கவில்லை. மறுமுறை பார்க்கவும் மறுத்துவிட்டார். "அந்தப் பையனை டேவிட் கொஞ்சம் ஆசையோடு பார்த்தான். அதற்குத்தான் இந்தத் தண்டனை. ஆசைப்பட்டால் அடி என்ற பழைய கணக்கு." மறுத்துப் பேசினோம். அதிர்ச்சிக்காக எழுதப்பட்ட பகுதி என்றாலும், அதன் பின்விளைவை ஒன்றரைப் பருவம் வரை விடாமல் தொடர்ந்த நேர்மை சிறியதன்று. டேவிட்டின் நடுக்கம், திடீர் அச்சம், சிறையில் அந்த இளைஞனையே போய்ப் பார்ப்பது, கடைசிப் பருவத்தில் செந்நிற முக்காட்டு உருவமாக அந்த அச்சம் திரும்புவது, இறுதியில் முக்காட்டை விலக்கினால் உள்ளே தன் முகமே இருப்பது என்று அது நீள்கிறது. நண்பர் கேட்டுக்கொண்டார், உடன்படவில்லை. நாமும் முழுமையாக வென்றுவிட்டதாக நினைக்கவில்லை. அந்த ஒன்றரைப் பருவத்தில் கீத்தின் பங்கு பெரும்பாலும் தாங்கிப் பிடிப்பதாகச் சுருங்கியதும் உண்மை.

ஐந்தாம் பருவத்தில் இருவரும் குழந்தைக்காக முயல்கிறார்கள். வாடகைத்தாய் வழி கைகூடாமல், டர்ரெல், ஆண்டனி என்னும் சகோதரர்களைத் தத்தெடுக்கிறார்கள். பல வீடுகள் மாறிவந்த சிறுவர்களின் முரட்டுத்தனம் முதலில் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. பருவம் முடியும் அவசரத்தில் விரைவாக இனித்துவிடுகிறது. ஆனாலும் பழைய ஃபிஷர் இல்லத்தில் இந்தப் புதிய குடும்பம் குடியேறுவதையும், டேவிட் டர்ரெல்லுக்குத் தன் தொழிலைக் கற்றுக்கொடுப்பதையும் பார்க்கையில் குறை சொல்லும் நாக்கு சற்று அடங்குகிறது.

2005 ஆகஸ்டில் ஒளிபரப்பான இறுதிப் பகுதி வருங்காலத்தைக் காட்டுவது. அதில் டேவிட்டுக்கும் கீத்துக்கும் திருமணம் நடக்கிறது. அன்று கலிஃபோர்னியாவில் அது சட்டப்படி இயலாதது. 2008 மே மாதத்தில் அம்மாநில உச்ச நீதிமன்றம் இசைவளித்தது. அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு அதைப் பறித்தது. 2013இல் திரும்பக் கிடைத்தது. 2015 ஜூன் 26 அன்று நாடு முழுவதற்கும் ஆனது. எழுதியவர்கள் வருங்காலத்தின் பெயரில் துணிந்து கேட்ட கடன், பத்தாண்டுகளில் அடைபட்டது.

அக்காட்சித் தொகுப்பில் கீத்துக்கு விதிக்கப்பட்ட ஆண்டு 2029. சொந்தப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் அவன், பணம் ஏற்றிச்செல்லும் வண்டியிலிருந்து இறங்கும்போது கொள்ளையரால் சுடப்பட்டு இறக்கிறான். காவல் சீருடையில் அறிமுகமானவன் இன்னொரு சீருடையில் விழுகிறான். டேவிட் 2044 வரை இருக்கிறான். முதியவனாக ஒரு வெளிப்புற விருந்தில் அமர்ந்திருப்பவன் சற்றுத் தொலைவில் இளமைக் கோலத்தில் கீத்தைக் காண்கிறான். பந்தைப் பிடித்துவிட்டு இவனைப் பார்த்துப் புன்னகைக்கிறான் கீத். இறந்தவர்கள் வந்து நிற்கும் அந்த வரிசையில் அவனுக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது; அப்போதும் டேவிட்டின் கண்களில்தான் அவன் நிற்கிறான்.