பழிக்கப்பட்ட எட்டாம் பாகம்

யூபிலி மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடம் அவர்கள் எதிர்பார்த்தது யாதென்பதை நான் அறியாதவனல்லன். சங்கப் பாடல்களின் நயத்தையோ, நாவலர் பெருமானின் வசனநடைச் சிறப்பையோ எழுதித் தருவேன் என்றே எண்ணியிருப்பர். நான் எழுதப் புகுந்திருக்கும் பொருளோ யப்பான் நாட்டில் ஆக்கப்பட்ட ஒரு கணினி விளையாட்டு. அதுவும், அத்தொடரை உயிரினும் மேலாய்ப் போற்றுவோரிற் பலர் குறைகூறி ஒதுக்கிய ஒரு பாகம். மூத்த பழைய மாணவர்கள் முகஞ்சுழியாது இறுதிவரை வாசிப்பார்களாக. இதனூடே அவர்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நான் தீர்க்கவேண்டிய கடன் ஒன்றும் உண்டு.

சென்ற ஆண்டில் ஒருநாள் மாலை, விடுதியிற் படிப்பு நேரத்தை மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். வகுப்பில் வாய் திறவாத மாணவன் ஒருவன் மேசைக்குக் கீழே கைத்தொலைபேசியை மறைத்து வைத்திருந்தான். விதிப்படி அதனை வாங்கினேன். திரையைக் கண்டதும் என்னையறியாமல், "இவன் ஸ்குவோல் அல்லவா?" என்று கேட்டுவிட்டேன். பையன் திகைத்துப்போய், "சேர், நீங்களும் இதை விளையாடினனீங்களோ?" என்றான். ஆம் என்றேன். சிறிது தயங்கியபின், "எல்லாரும் இதுதான் கூடாத பாகம் எண்டு சொல்லினம் சேர். எனக்கு மட்டும் ஏன் பிடிச்சிருக்கெண்டு தெரியேல்லை" என்றான். ஓராண்டுக் காலத்தில் அவன் என்னுடன் பேசிய முதல் நீண்ட வாக்கியம் அதுவே. அன்று அவனுக்குச் சரியான விடை கூற என்னால் இயலவில்லை. அவ்விடையை ஈண்டு எழுத முயல்கின்றேன்.

பொருளை அறியாதார்க்குச் சில வார்த்தை. 'பைனல் பான்ரசி' என்பது 1987 ஆம் ஆண்டு யப்பானிலே தொடங்கிய தொடர். விளையாடுவோர் கதைமாந்தரின் நிலையில் நின்று, ஊர் ஊராய்ச் சென்று, பகைவரை வென்று, கதையை முடிவுவரை நடத்திச் செல்லல் வேண்டும். ஒவ்வொரு பாகமும் தனிக் கதை, தனி உலகம். 1997 இல் வெளிவந்த ஏழாம் பாகம் உலகெங்கும் பெரும்புகழ் ஈட்டியது. அதன்பின் 1999 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆந் திகதி, ஸ்கொயர் நிறுவனம் எட்டாம் பாகத்தைப் பிளேஸ்ரேசன் பொறிக்கென நான்கு இறுவட்டுக்களில் வெளியிட்டது. யொசினொரி கிற்றாசே நெறிப்படுத்த, கசுசிகே நொஜிமா கதை எழுத, நொபுவோ உவெமற்சு இசையமைத்தார். அது 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. ஆகவே விலைபோகாத பண்டமென்று அதனை எவரும் சொல்லார். வாங்கினர், ஆயினும் வைதனர். ஏழாம் பாகத்தைப் போன்ற இன்னொன்றை நாடிச் சென்றவர்களுக்கு, முற்றிலும் வேறான ஒன்று கையில் வந்தது.

நான் அதனை முதன்முதல் கண்டது 2003 ஆம் ஆண்டில், ஆசிரியர் கலாசாலையிற் பயின்ற காலத்தில், நண்பன் ஒருவனின் கணினியில். கற்பித்தற் பயிற்சிக்குரிய பாடக்குறிப்புக்கள் எழுதாமற் கிடக்க, இரவிரவாக அதில் மூழ்கியிருந்த குற்றத்தை இப்பொழுது ஒப்புக்கொள்வதில் எனக்கு நாணமில்லை.

எட்டாம் பாகத்தின்மீது சுமத்தப்படும் குற்றங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து நோக்குவோம்.

முதலாவது குற்றம், விளையாட்டின் முறைமை பற்றியது. பிற பாகங்களிற் பகைவரை மீண்டும் மீண்டும் வென்றால் வீரர் வலிமை பெறுவர். இங்கோ, வீரரின் படிநிலை உயர உயரப் பகைவரின் படிநிலையும் உடன் உயர்கின்றது. கவசம் என்பதே கிடையாது. மந்திரங்களைப் பகைவரிடமிருந்தே இறைத்தெடுக்க வேண்டும். ஒரு மந்திரத்தில் நூறு வரை ஒருவர் சேமிக்கலாம். சேமித்ததை உடல்வலி, உயிர்நிலை, விரைவு முதலியவற்றோடு பிணைத்தால் அவ்வாற்றல் பெருகும். பிணைத்த மந்திரத்தைப் போரிற் செலவிட்டாலோ ஆற்றல் குறையும். "இஃதென்ன, கிணற்றடியில் நின்று நாள்முழுதும் நீர் இறைக்கும் வேலை!" என்பர் பழிப்போர்.

இறைத்தல் அலுப்புத் தருவதென்பதை நானும் மறுக்கமாட்டேன். ஆயினும் அவர்கள் காணத் தவறிய வாயில் ஒன்று உண்டு. ஒன்பது கட்டங்களில், ஆளுக்கு ஐந்து சீட்டுக்களுடன் ஆடும் ஒரு சீட்டாட்டம் இக்கதையினுள் இருக்கின்றது. அதில் வென்ற சீட்டுக்களைப் பொருளாக்கலாம், பொருளை மந்திரமாக்கலாம். பகைவனைக் கொல்லாமலே சீட்டாக மாற்றிவிடவும் வழியுண்டு. இவற்றை உணர்ந்தவன், படிநிலை உயராமலே, நூறு தடவை இறைக்காமலே, பெருவலிமை பெறுவான். விளங்காது உழைப்பவனை இவ்விளையாட்டுத் தண்டிக்கின்றது; விளங்கிக்கொண்டவனுக்கு வாரி வழங்குகின்றது. பாடத்தை நூறுமுறை உருப்போட்டு எழுதும் மாணவனையும், ஒருமுறை பொருளுணர்ந்து எழுதும் மாணவனையும் கண்டு பழகிய எனக்கு இது புதிய நீதியன்று.

இன்னொன்றும் கூறுவேன். இதில் வீரர்களுக்குப் பணம் கிடைப்பது பெரும்பாலும் பகைவரின் உடைமையிலிருந்தன்று. பதவிக்கேற்ற சம்பளமாகவே வருகின்றது. பதவி உயர்வுக்கு எழுத்துப் பரீட்சை உண்டு. முப்பது படிகள், படிக்குப் பத்து வினாக்கள், ஒன்று பிழைத்தாலும் சித்தியில்லை. வினைத்திறமைகாண் தடைப் பரீட்சைக்கு அஞ்சி அஞ்சி இருந்த அரசாங்க ஆசிரியன் ஒருவன், அரக்கரைக் கொல்லும் வீரர்க்கும் அதே கதி வாய்த்திருப்பதைக் கண்டு அடைந்த ஆறுதலை என்னென்பேன்!

இரண்டாவது குற்றம் தலைமகனைப் பற்றியது. ஸ்குவோல் பதினேழு வயதினன். போர்ப்பயிற்சி தரும் ஒரு கல்லூரியின் மாணவன். எவரோடும் ஒட்டான், கேட்டதற்கு ஒருசொல் விடை தருவான். அவனுடைய ஆசிரியை குவிஸ்ரிஸுக்கு வயது பதினெட்டே. தலைமைத்திறன் போதாதென்று ஆசிரியப் பதவியை இழந்த அன்றிரவு, அவள் அவனிடம் தன் மனத்துயரைக் கூறுகின்றாள். அவனோ, பேசவேண்டுமாயின் சுவரோடு போய்ப் பேசலாமே என்கின்றான். இத்தகைய உணர்ச்சியற்றவனை எங்ஙனம் தலைவனாய்க் கொள்வது என்பது பழிப்போரின் வாதம்.

ஆனால் ஸ்குவோல் உரக்கச் சொல்வது ஒன்று. உள்ளே நினைப்பது வேறொன்று. அந்நினைவுகளைத் திரையில் நாம் வாசிக்கின்றோம். அவனைச் சூழ்ந்தவர்க்கு அவை கேட்பதில்லை. அவர்கள் காண்பது மௌனத்தை மட்டுமே. அடுத்தவர் தன்னை விட்டுப் பிரிந்துவிடுவர் என்ற அச்சமே, எவரையும் அண்டவிடாமல் அவனைத் தடுக்கின்றது. ஓரிடத்தில், அவனோடு கூடப் பயின்ற சீபர் கொலைத் தண்டனைக்கு ஆளானான் என்ற செய்தி வருகின்றது. தோழர்கள் அவனைப்பற்றி, அவன் இப்படி இருந்தான், அப்படிச் செய்தான் என்று பேசத் தொடங்குகின்றனர். கேட்டிருந்த ஸ்குவோல் திடீரெனக் கூவி எழுந்து வெளியே ஓடுகின்றான். தன்னையும் ஒருநாள் இவ்வாறே கடந்துபோனவனாக வைத்துப் பேசுவர் என்பதை அவனாற் பொறுக்க முடியவில்லை.

இலக்கணம் கற்பிப்பவன் இவ்விடத்தை எளிதிற் கடந்துவிட முடியாது. நம் மொழி அக்காலத்துக்கு இட்ட பெயரே இறந்தகாலம். கடத்தல் என்பதே அங்குப் பொருளாயினும், சாவு என்னும் பொருளும் அச்சொல்லின் நிழலாய் நிற்கின்றது. 'அவன் நல்லவன்' என்பதற்கும் 'அவன் நல்லவனாக இருந்தான்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு எத்துணையென்பதை, நம் நாட்டில் வாழ்ந்தோர்க்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. சுவரோடு பேசு என்ற அதே ஸ்குவோல், பிற்பகுதியில், உணர்விழந்து கிடக்கும் றினோவாவை முதுகிற் சுமந்துகொண்டு கடல்மீது நீண்டு செல்லும் பாலத்தில் நடக்கின்றான். நடக்கும் வழியெல்லாம், செவிமடுக்க இயலாத அவளோடு பேசிக்கொண்டே செல்கின்றான். இத்தொடர்பைக் கண்டவர் அவனை உணர்ச்சியற்றவன் என்னார்.

மூன்றாவது குற்றமே மிகப் பெரியது. கதையின் நடுப்பகுதியில், ஏவுகணைகளால் அழிந்துபோன ஒரு கல்லூரியின் கூடைப்பந்தாட்டத் திடலில் நண்பர்கள் கூடியிருக்கின்றனர். அப்பொழுது ஏர்வின் என்பவன், நாமெல்லோரும் சிறுவயதிற் கடலோரத்திலிருந்த ஒரே அநாதை இல்லத்தில் ஒன்றாய் வளர்ந்தவர்கள் என்ற உண்மையைச் சொல்கின்றான். குவிஸ்ரிஸ், ஸெல், செல்பி, ஸ்குவோல் ஆகிய நால்வரும் அதனை அறவே மறந்திருந்தனர். தாம் கொல்லப் புறப்பட்ட சூனியக்காரி ஈடியாவே தம்மை வளர்த்த தாய் என்பதும் அப்பொழுதுதான் அவர்களுக்குப் புலனாகின்றது. "இஃது எவராலும் நம்பத்தக்கதா? கதாசிரியர் வழிதெரியாமல் ஒட்டிய ஒட்டு" என்று நகைப்போர் இன்றும் உளர்.

மறதியைக் கதைக்கு அச்சாணியாக்கியது புதுமையன்று. துருவாசர் சாபத்தாற் சகுந்தலையை மறந்த துஷ்யந்தனை நாம் காளிதாசனின் குற்றமெனத் தள்ளிவிட்டோமா? அங்கே சாபம் காரணம். இங்கே காவற்சத்திகள் காரணம். வீரர்க்கு ஆற்றல் தரும் அச்சத்திகள் அவர்தம் மூளையிலே குடியிருந்து, நினைவுகள் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஏர்வின் அவற்றை நெடுங்காலம் கைக்கொள்ளாதவன். ஆதலால் அவனுக்கு மட்டும் நினைவிருந்தது. முன்னரும் இப்படியொரு கதை அவர்கள் காதில் விழுந்ததுண்டு. வீண் வதந்தியென்று விட்டுவிட்டனர். இங்கேதான் எட்டாம் பாகத்தின் தனிச்சிறப்பைக் காண்கின்றேன். அச்சத்திகளைப் பிணைத்துப் பிணைத்து, வலிமை பெருகப் பெருக மகிழ்ந்தவர் யார்? விளையாடிய நாமே. அவர்களின் இளமையை அவர்களிடமிருந்து பறித்தது நம் கையே. உண்மை தெரிந்தபின்னும், போர் முடியாமையால், அவர்கள் அச்சத்திகளைக் கைவிடவில்லை. மறப்போம் என்று அறிந்தே தொடர்கின்றனர். விளையாட்டின் முறைமையும் கதையின் துயரமும் இத்துணை இறுகப் பிணைந்த பாகம் அத்தொடரில் வேறொன்றை நான் கண்டதில்லை. இறுதிப் பகுதி அவசரமாய் ஓடுகின்றது, முடிவில் வரும் பகைவியின் உள்ளம் போதியளவு காட்டப்படவில்லை என்பன போன்ற குறைகளை நான் மறைக்கவில்லை. மறதி பற்றிய குற்றச்சாட்டை மட்டும் ஏற்கமாட்டேன்.

ஏற்காமைக்கு ஏது எனக்கே நிகழ்ந்த ஒன்று. ஈராண்டுகளுக்கு முன்னர், வெளிநாட்டில் வாழும் என் வகுப்புத் தோழன் ஒருவன் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு வந்திருந்தான். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து சென்றபோது எங்களுக்கு வயது பதினைந்து. அவ்விரவு நாவற்குழிப் பாலத்தைக் கடக்கையில், நானும் அவனும் ஒரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அதிலே அவனுடைய அப்பாச்சியை இருத்தி, மழையில் விடியும்வரை உருட்டிச் சென்றோமாம். அவர் கேட்டபொழுதெல்லாம் நான் தேவாரம் பாடினேனாம். அதைச் சொல்லுகையில் அவன் கண் கலங்கியது. "உனக்கு ஞாபகம் இருக்குத்தானே மச்சான்?" என்று கேட்டான்.

எனக்கு அதில் ஒரு துளியும் நினைவில்லை. சனக்கூட்டம் நினைவிருக்கின்றது, மழை நினைவிருக்கின்றது. அவனும் இல்லை, சைக்கிளும் இல்லை, அந்த முதிய தாயும் இல்லை. ஆயினும், "இருக்குது மச்சான்" என்று சொன்னேன். பொய் சொன்னேன்.

அன்றிரவு நித்திரை வராமற் கிடந்தபொழுதுதான், அக்கூடைப்பந்தாட்டத் திடல் என் நெஞ்சில் வந்து நின்றது. நடந்து போவதற்கும், படித்து முடிப்பதற்கும், மறுபடி ஒரு வீடு அமைப்பதற்கும் வேண்டிய வலிமையை எங்கிருந்தோ நான் பெற்றிருந்தேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை அதுவரை எவரும் எனக்குச் சொல்லவில்லை.

என் தோழன் இம்மலரைப் படிப்பான். நண்பனே, அன்று நான் உரைத்தது பொய். மன்னிப்பாயாக. அடுத்தமுறை வரும்பொழுது அவ்விரவை முதலிலிருந்து சொல், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பழைய மாணவர்காள், உங்கள் கூட்டத்திலும் ஏர்வின் ஒருவன் இருப்பான். எல்லாரும் மறந்ததை அவன் ஒருவனே சுமந்துகொண்டிருப்பான். ஒன்றுகூடல்களில் அவனுக்குப் பேச நேரம் கொடுங்கள்.

விடுதிப் பையனின் கைத்தொலைபேசியை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். படிப்பு நேரத்தில் அது மேசைமேல் வரக்கூடாதென்பது எங்களுக்குள் உடன்பாடு. இரவுணவின் பின் அவன் எந்தக் கட்டத்தில் நிற்கின்றான் என்பதை எனக்குச் சொல்லிவிட்டுப் போகின்றான். நேற்று அவன் அந்தப் பாலத்தை அடைந்துவிட்டானாம்.