இரண்டு படம் லாபம்

1987-ல் அப்பாவை ராமேஸ்வரம் அழைத்துப் போனேன். பாம்பனில் ரோடு பாலம் திறப்பதற்கு முந்தைய வருடம், ரயில்தான். மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த பென்டாக்ஸ் கே1000 என் கழுத்தில். பெருமை தாங்கவில்லை.

அப்பாவுக்குக் கோயிலைவிட தனுஷ்கோடிதான் முக்கியம். சின்ன வயதில் அங்கே கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, கொழும்பில் கடை வேலைக்குப் போனவர். 1964 புயலுக்குப் பிறகு அந்த ஊரைப் பார்த்ததில்லை. முகுந்தராயர் சத்திரம் தாண்டி மணலில் ஜீப்பில் போனோம். இடிந்த சர்ச்சுக்கு முன்னால், வேட்டி காற்றில் படபடக்க நின்று, "எடுத்துக்கோடா" என்றார். அவராகவே படத்துக்கு நின்றது அந்த ஒரு தடவைதான்.

36 முடிந்த பிறகும் லிவர் நகர்ந்தது. இரண்டு படம் லாபம் என்று சந்தோஷப்பட்டேன், மடையன்! பிலிமின் நுனி ஸ்பூலில் மாட்டவே இல்லை. லிவரை இழுக்கும்போது இடப்பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். அதைப் பார்க்க அப்போது எனக்குத் தெரியாது. கழுவி வந்த ரோல் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது.

அப்பாவிடம், ஸ்டூடியோக்காரர் கெடுத்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். கடைசி வரை அவர் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் முறைத்துக்கொண்டே போவார். ஸ்டூடியோக்காரர், பாவம், ஒன்றும் தெரியாமல் எழுந்து நின்று கும்பிடுவார்.