கையெழுத்து யாருடையது?



ஓசூரில் குடியிருந்து, ஜூஜூவாடியில் எல்லை கடந்து, அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குச் செல்பவர்களில் நானும் ஒருவன். 9 ஆண்டுகள் சர்வர்களைப் பராமரித்தபின் மேலாளரானேன். ஊதியம் உயர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். வேலையே வேறாகிவிட்டதை மட்டும் நான் உணரவில்லை.

தகவல் தொழில்நுட்ப மேலாண்மையில் ஐ.டி.ஐ.எல். என்றொரு நெறிமுறைத் தொகுப்பு உண்டு. பிரிட்டன் அரசு 1980களில் உருவாக்கத் தொடங்கியது. இயங்கும் அமைப்பில் எதை மாற்றினாலும், பிழை நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியை முன்கூட்டியே எழுதவேண்டும். பொறுப்பாளர் அதைப் படித்த பின்பே ஒப்புதல் அளிக்கவேண்டும். இதற்கான தேர்வில் நான் நல்ல மதிப்பெண் பெற்றவன்!

ஒரு வியாழன் மாலை, மஃரிபுக்கு நேரமாயிற்றே என்ற அவசரத்தில், இளம் பொறியாளர் ஒருவர் அனுப்பிய மாற்றத்தைப் படிக்காமலே ஒப்புதல் அளித்தேன். (தொழுகையைச் சாக்காகச் சொல்லவில்லை, படிக்க இரண்டு நிமிடம் போதும்.) திரும்பும் வழிக்கான கட்டம் காலியாக இருந்தது. அன்றிரவு தரவுத்தளம் முடங்கி, ஆறு மணி நேரம் சேவை நின்றது.

மறுநாள் காரண அறிக்கை எழுத அமர்ந்தேன். ‘பொறியாளரின் கவனக்குறைவு’ என்றெழுதினால் அதில் பொய்யில்லை. ஆனால் அவர் தகுதிகாண் பருவத்தில் இருந்தார், வேலை போயிருக்கும். சிப்காட் ஆலையொன்றில் மேற்பார்வையாளராக இருந்த அத்தாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “கையெழுத்து யாருதுப்பா?” என்று மட்டும் கேட்டார். பதவியும் அமானிதமே என்று பலருக்குச் சொன்னவன் நான்.

ஜும்ஆ முடிந்து வந்து, படிக்காமல் ஒப்புதல் அளித்தவன் நானே என்று எழுதினேன். அவ்வாண்டு ஊதிய உயர்வு கிடைக்கவில்லை. அந்தப் பொறியாளர் இப்போது காலிக் கட்டத்துடன் எதையும் அனுப்புவதில்லை. நானும் மஃரிப் தொழுதுவிட்டு வந்தே கோப்பைத் திறக்கிறேன்.