மார்கய்யாவுக்கு யார் சாட்சி?

மார்கய்யா பேராசைக்காரன் என்று எழுதாத மாணவனை நான் இன்னும் பார்க்கவில்லை. மைசூரு மண்டி மொஹல்லாவில் மாலை நேரத்தில் என்னிடம் ஆங்கிலப் பாடம் கேட்க வரும் கல்லூரிப் பிள்ளைகள், ஆர்.கே. நாராயணின் ‘தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்’ நாவலைப் பற்றிக் கேள்வி வந்தால் மூன்று சொற்களை வரிசையாக அடுக்கிவிடுவார்கள்: பேராசைக்காரன், தந்திரசாலி, பாசமுள்ள தகப்பன். கடையில் விற்கும் நோட்ஸில் அப்படித்தான் இருக்கிறது. “சரி, பேராசை எந்த இடத்தில் தெரிகிறது?” என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

1952ல் வந்த நாவல் அது. கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே, ஆலமரத்தடியில், ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான் மார்கய்யா. வங்கிக் கடனுக்காக வரும் கிராமத்து ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவான். பழைய கடனை அடைக்கப் பணம் புரட்டிக் கொடுத்து, புதுக் கடன் வாங்க வைப்பான். நடுவில் தனக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொள்வான். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அவனுக்கு மனப்பாடம். எங்கள் பேட்டைக்கு இந்த மனிதனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தரகும் கமிஷனும் கைமாற்றும் இங்கே அன்றாடப் பேச்சு.

என்னிடம் படிக்கும் பையன் ஒருவனின் அப்பா மொத்த வியாபாரி. சொந்த ஊர் ஆம்பூர்ப் பக்கம். நாவலைப் படித்ததில்லை. 1983ல் டி.எஸ். நாகாபரணா எடுத்த ‘பேங்கர் மார்கய்யா’ கன்னடப் படத்தைப் பார்த்திருக்கிறார். லோகேஷின் முகம்தான் அவருக்கு மார்கய்யா. மகனைக் கூட்டிப்போக வந்தவர் வாசலில் நின்று எங்கள் விவாதத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“அந்த ஆளு காசுக்கு அலையல சார். மரியாதைக்கு அலையறான்.”

“எதை வெச்சு சொல்றீங்க பாய்?”

“படத்துல பார்த்தது. புஸ்தகத்துல இருக்கான்னு நீங்கதான் தேடணும். வவுச்சர் இல்லாம செலவு எழுதினா எங்க கணக்குப்பிள்ளையை நான் விடமாட்டேன்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

தேடினோம். தொடக்கத்திலேயே ஒரு சாட்சி கிடைத்தது. வங்கிச் செயலாளரும் சேவகன் அருள்தாஸும் மார்கய்யாவை மிரட்டி அவமானப்படுத்துகிறார்கள். அதற்குப் பிறகு அவன் மனத்தில் வட்டிக் கணக்கு ஓடவில்லை. தன் உடுப்பு எப்படி இருக்கிறது, பெரிய மனிதர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள், பணம் இருந்தால் இப்படிப் பேசியிருப்பார்களா என்றுதான் ஓடுகிறது. லட்சுமியை நோக்கி நாற்பது நாள் பூஜையில் உட்காருவது இதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது சாட்சி இன்னும் பலமானது. டாக்டர் பால் என்பவர் கொடுத்த கையெழுத்துப் பிரதியை, அச்சகக்காரர் மதன்லாலோடு கூட்டுச் சேர்ந்து தாம்பத்திய ரகசியப் புத்தகமாக வெளியிடுகிறான் மார்கய்யா. பணம் கொட்டுகிறது. ஆனால் மகன் பாலு படிக்கும் பள்ளியில் தான் ஒரு பெரிய மனிதன் ஆனதும், அந்தப் புத்தகத்தோடு தன் பெயர் சேர்ந்திருப்பது அவனைக் கூச வைக்கிறது. தன் பங்கை மதன்லாலுக்கே கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறான். பணம் ஒன்றே குறி என்றால் நல்ல வருமானம் வரும் தொழிலை எதற்கு விட வேண்டும்? வியாபாரி சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று பிள்ளைகள் துள்ளினார்கள்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நோட்ஸுக்குப் பதிலாக இன்னொரு நோட்ஸ் எழுதியவர்கள் ஆகியிருப்போம். பின்பகுதியில் எதிர்த்தரப்புச் சாட்சிகள் நிற்கின்றன. பாலுவின் கல்யாணத்துக்கு ஒரு ஜோசியர் பொருத்தம் இல்லை என்கிறார். வேறு ஜோசியர் வருகிறார், பொருத்தம் வந்துவிடுகிறது. கிரகத்தையும் காசு கொடுத்து நகர்த்தலாம் என்ற இடத்துக்கு மார்கய்யா வந்துவிட்டான். பிறகு ஊரார் பணத்தை அதிக வட்டிக்கு டெபாசிட்டாக வாங்குகிறான்; ஒருவர் போட்ட பணத்திலிருந்து இன்னொருவருக்கு வட்டி போகிறது; வீடு முழுக்க நோட்டுக்கட்டுகள். இந்தக் கட்டத்தில் ‘மரியாதைக்கு அலைகிறவன்’ என்ற வாதம் நிற்காது.

“அப்போ எங்க வாப்பா சொன்னது தப்பா சார்?” என்று பையன் கேட்டான். தப்பில்லை, பாதி. முதலில் அவமானம், அடுத்து பணம், பணத்தால் மரியாதை, மரியாதை வந்த பிறகு பணத்தின் மேல் அடங்காத மோகம். நாராயண் காட்சிகளை இந்த வரிசையில்தான் வைத்திருக்கிறார். தனித்தனிக் காட்சி எவ்வளவு பேசுகிறதோ, அவற்றின் வரிசையும் அவ்வளவு பேசுகிறது. ‘பேராசைக்காரன்’ என்ற ஒற்றைச் சொல் அவன் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறது. புறப்பட்ட இடத்தை மறைத்துவிடுகிறது.

இப்படி வழக்காடுவது தமிழனுக்குப் புதிதல்ல. 1939ல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகமும் அதன் வழியில் வந்த பட்டிமண்டபங்களும் இதைத்தானே செய்தன? வாலிக்காகப் பேசுகிறவர் வாலியின் வாயிலிருந்தே பாட்டை எடுத்து வைக்க வேண்டும். எதிரணி அதே படலத்திலிருந்து மறுபாட்டைக் கொண்டுவர வேண்டும். பாட்டு சொல்லாமல் ‘என் மனசுக்கு அப்படிப் படுகிறது’ என்று யாராவது பேசினால் அந்தக் காலத்துக் கூட்டம் பொறுத்திருக்காது. நாவல் என்று வந்ததும் மட்டும் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிடுகிறோம்.

மைசூருக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. நாராயண் இங்கே தெருத்தெருவாக நடந்தவர். இங்கே பலரோடு நின்று பேசியவர். 1949ல் வந்த ‘மிஸ்டர் சம்பத்’ நாவலின் நாயகனுக்கு, தன் ‘இந்தியன் தாட்’ பத்திரிகையை அச்சடித்துக் கொடுத்த மைசூரு அச்சகக்காரரே மூலம் என்று அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதனால் எந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேசினாலும் ‘அது இன்னார்தான்’ என்று ஒருவர் கிளம்பிவிடுவார். நாராயணின் கற்பனை ஊரான மால்குடியே மைசூருதான் என்று சத்தியம் செய்வார். ஆனால் மால்குடியில் சரயு நதி ஓடுகிறது, மகாராஜா ஆட்சி இல்லை, பாலு வீட்டைவிட்டு ஓடுவது மதராஸுக்கு. மூலம் யார் என்று தெரிவது சுவையான செய்தி. அது பாத்திரத்துக்குச் சாட்சி ஆகாது.

‘தி கைடு’ இதற்கு நல்ல சோதனை. மைசூரில் கடும் வறட்சி வந்தபோது, காவிரிப் படுகையில் முழங்கால் தண்ணீரில் நின்று அந்தணர்கள் சிலர் விரதமிருந்து ஜபித்தார்கள். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. அந்தச் சம்பவம்தான் தன் நாவலுக்குக் களம் கொடுத்தது என்கிறார் நாராயண். 1965ல் வந்த இந்திப் படத்திலும் மழை கொட்டுகிறது, மழைக்காகப் பட்டினி கிடக்கும் நாயகன் ராஜு சாகிறான். ஊரில் நடந்ததிலும் மழை, திரையிலும் மழை. 1958ல் வந்த நாவலில் மட்டும் அது உறுதியாகவில்லை. மலையில் மழை பெய்வதாகத் தனக்குத் தோன்றுகிறது என்று சொல்லியபடி ராஜு தளர்ந்து சாய்கிறான், அவ்வளவுதான். பெய்தது என்றோ இறந்தான் என்றோ கதைசொல்லி சொல்லவில்லை. சொல்கிறவனோ பட்டினியில் கிடக்கிறவன். வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்குப் பிடித்ததைச் சொல்லியே பிழைத்தவன். ராஜு மகானாகிவிட்டான் என்று எழுதுகிற மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் படத்தைத்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

மார்கய்யாவுக்கு வருகிறேன். எல்லாம் போன பிறகு, படுக்கையில் கிடக்கும் அவன் பழைய தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போகும்படி மகனிடம் சொல்கிறான். ஊர் என்ன நினைக்கும் என்று பாலு தயங்குகிறான். நீ போகாவிட்டால் எழுந்ததும் நானே போகிறேன் என்கிறான் அப்பன். அடுத்த மூச்சில் பேரக்குழந்தையைக் கொண்டுவரச் சொல்கிறான், விளையாடுவதற்கு. திருந்திவிட்டான் என்பவர்கள் பெட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும். திருந்தவே இல்லை என்பவர்கள் குழந்தைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஊர் என்ன நினைக்கும் என்ற கவலை அவனிடமிருந்து மகனிடம் போய்விட்டது என்பது என் கட்சி. அதற்கு ஆதாரம் அந்தக் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது.

பரீட்சைக்கு எழுதும் பிள்ளைகளுக்கும், கதை படித்துவிட்டு விவாதிக்கும் பெரியவர்களுக்கும் ஒன்றே சொல்வேன். ஒரு பாத்திரத்துக்குப் பட்டம் சூட்டும் முன் உங்கள் கட்சிக்கு ஒரு காட்சியைக் காட்டுங்கள். உங்களுக்கு எதிராக இருக்கும் காட்சி ஒன்றையும் நீங்களே எடுத்து வையுங்கள். இரண்டையும் தாங்கி நிற்கிற முடிவு என்றால் எழுதுங்கள். இல்லாவிட்டால் புத்தகத்தை இன்னொரு தடவை படியுங்கள்.