தந்தையாரின் புல்லட்

மதராஸ் மோட்டார்ஸாரும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டாரும் 1955-ல் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழிலின் வழியில், திருவொற்றியூரில் பிறந்தது எங்கள் பழைய புல்லட். அம்பர்நாத்தில் தமிழ் அறிந்த இரும்பு இது ஒன்றே என்பார் தந்தையார். ஓய்வு பெற்றதும் அதிலேயே திருநெல்வேலி செல்ல வேண்டுமென்பது அவரது நெடுநாள் ஆசை. ஆனால் பத்லாபூர் வரை போய் வந்தாலே வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "வயசாயிடுச்சு, வண்டியை வித்துடுங்க" என்றார் அன்னை.

குற்றம் வயதினதா, முன் ஃபோர்க்கினதா? பௌதிகம் பயில்பவன் சும்மா இருப்பேனா! ஃபோர்க் குழாயினுள் சுருள்வில் பாரத்தைத் தாங்குகிறது. எண்ணெய் சிறு துளைகளில் பிதுங்கி ஓடி வில்லின் துள்ளலை அடக்குகிறது. துளைவழிப் பாய்ச்சலில் வேகம் இருமடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்கு (கணக்கு சொல்வதை அன்பர்கள் பொறுத்தருள்க). ஆகவே பிரேக் பிடிக்கையில் எளிதில் அமிழும் முன்பக்கம், குழியில் மோதும்போது கட்டையாய் விறைக்கும். மெக்கானிக் ஊற்றியிருந்த கெட்டி எண்ணெய் அமிழ்வைச் சற்றுத் தாமதப்படுத்தியது. அடியையோ மணிக்கட்டுக்கே அனுப்பியது.

வில்களைக் கழற்றி அளந்தேன். ஒன்று மற்றதைவிட 6 மில்லிமீட்டர் குட்டை! உதவித்தொகையில் புது ஜோடி வாங்கினேன். ஒரு பக்கம் நெருக்கமாகச் சுற்றியது, அமுங்க அமுங்க வலுப்பது. எண்ணெயை இளக்கமானதாக மாற்றி, இரு குழாயிலும் ஒரே மட்டத்துக்கு நிரப்பினேன். பாரம் இனி வில்லின் பொறுப்பு. எண்ணெய்க்குத் துள்ளல் மட்டும்.

மறுவாரம் தந்தையார் மால்ஷேஜ் கணவாய் வரை போய் வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, காப்பி டம்ளரை வலக்கையால் வாங்கினார். தை பிறந்ததும் பயணமாம். அன்னை தமக்கு மட்டும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்.