ஆடிக் காற்றும் ஆர்எக்ஸ் 100-உம்

ஆடி 3, சனி

பங்குனியில் ஓரங்கட்டிய ஆர்எக்ஸ் 100 பைக்கை இன்றுதான் வெளியே உருட்டினேன். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் சேர்ந்துவிட்டால் கோயிலைச் சுற்றிக் காரை நகர்த்த முடியாது. சோக் போட்டால் கிளம்புகிறது, சோக்கை இறக்கியதும் அணைகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் மட்டும் ஓடுகிறது. பெட்ரோல் போதவில்லை, அதுவும் ஐடிலிங்கில்தான் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

98 சிசி, 11 குதிரைத்திறன். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. புகை விதிகள் இறுகியபின் டூ ஸ்ட்ரோக்குக்கு இடமில்லாமல் போயிற்று. ஊரில் இன்னும் ஓடுகிற சிலதுக்கு விலை கேட்டால் மயக்கம் வருகிறது.

ஆடி 4, ஞாயிறு

அண்ணாச்சி பட்டறையில். எனக்கு முன்னால் வந்திருந்த பையன் ஏர் ஸ்குரூவைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சிக்கு அது கண்ணில் பட்டால் போதும். "திருகாதல! மொதல்ல கழுவு, பொறவு திருகு. அழுக்க உள்ள வச்சுக்கிட்டுத் திருகுனா அழுக்குக்குத்தான் டியூனிங் பண்ணுத."

என் வண்டியின் கார்புரேட்டர் ஜப்பான் மிக்குனியின் தொழில்நுட்பத்தில் மறைமலை நகர் யூகால் செய்தது. அடிக்கிண்ணத்தைக் கழற்றியதும் புளித்த வார்னிஷ் வாடை. பெட்ரோல் ஆவியாகி, பிசுக்கு மட்டும் பழுப்பாக ஒட்டியிருந்தது. பித்தளை ஜெட்டில் பச்சை பூத்திருந்தது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டியின் ரப்பர் வளையங்களை ஊதவைக்கும். தினமும் ஓடுகிற வண்டிக்குப் பெரிய பாதகமில்லை. நிறுத்திவைத்த வண்டிக்குத்தான் கேடு.

ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை அண்ணாச்சி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். துளை தெரியவில்லை. ஊசியால் குத்தினால் பித்தளை அகன்றுவிடும், அப்புறம் அந்த ஜெட் குப்பைக்குத்தான். பழைய கரண்ட் வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி, பெட்ரோலில் நனைத்து, நோகாமல் விட்டு விட்டு எடுத்தார். காற்று அடித்தார். மறுபடி பார்த்தபோது மயிர்க்கண் அளவில் முழு வட்டமாக வெளிச்சம்.

ஏர் ஃபில்டரில் மண்ணோடு தறிப்பஞ்சும் அப்பியிருந்தது. விசைத்தறி ஊரில் ஆடிக் காற்றை மூச்சிழுக்கும் எஞ்சினுக்கு வேறென்ன கிடைக்கும்?

ஆடி 5, திங்கள்

ஸ்டாண்டு போட்டு ஓடவிட்டு, எஞ்சின் சூடேறக் காத்திருந்த நேரத்தில் அண்ணாச்சி பழைய கதைக்குப் போனார். இங்கே பட்டறை போடுமுன் தூத்துக்குடியில் வள்ளத்து மோட்டார்களைப் பிரித்தவர். அதுவும் டூ ஸ்ட்ரோக்தான், கார்புரேட்டர் சித்தாந்தமும் ஒன்றுதான். ஆனால் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள், அதனால் பிசுக்கு அதிகம். உப்பு அலுமினியத்தை அரித்து வெள்ளை மாவாக்கிவிடும். கரையில் சும்மா ஓடவிடவும் முடியாது. குளிர்விக்கும் தண்ணீர் ஏறாவிட்டால் பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் மோட்டாரின் காலை இறக்கித்தான் கிளப்ப வேண்டும். அதிலும் கடைசி டியூனிங் வள்ளத்தைக் கடலில் இறக்கி, கியரில் போட்டபின்தான். "டிரம்முல நல்லாத்தான் ஓடும். சுமை ஏறுனாத்தான் அதுக்கு யோக்கியதை தெரியும்" என்றார்.

அப்புறம் என் வண்டிக்கு வந்தார். ஏர் ஸ்குரூவை அழுத்தாமல் உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே. அங்கிருந்து கால் காலாகத் திருப்பி, எஞ்சின் எங்கே அதிகமாகச் சுற்றுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்து, பிறகு ஐடில் ஸ்குரூவைத் தளர்த்தினார். அவரிடம் மீட்டர் கிடையாது.

ஆடி 6, செவ்வாய்

பலருக்குப் புரியாதது இதுதான்: ஏர் ஸ்குரூவின் ஆட்சி கால் த்ராட்டில்வரைதான். நடுவில் கார்புரேட்டரின் ஊசி, அதற்குமேல் மெயின் ஜெட். வேகத்தில் திணறுகிற வண்டிக்கு ஏர் ஸ்குரூவைத் திருகுவது, பல்வலிக்குக் காலில் தைலம் தேய்க்கிற வேலை.

புளியங்குடி சாலையில் மேற்கே விட்டேன். எதிர்காற்று நெஞ்சில் அறைந்தது. மூன்றாம் கியரைத் தாண்ட விடவில்லை. டிரம்மை விட்டுக் கடலுக்கு வந்த மோட்டார் நிலைமைதான் வண்டிக்கு. அரை த்ராட்டிலில் லேசான திணறல். முழு முறுக்கில் சற்றுத் தூரம் ஓட்டி, அப்படியே அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றினேன். வெளிறிப்போய் இருந்தது. பெட்ரோல் குறைவு. இப்படியே ஓட்டினால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பட்டறையில் அண்ணாச்சி ஊசியின் கிளிப்பை ஒரு கீறல் கீழே மாற்றினார். ஊசி அந்த அளவு உயர்ந்து நிற்கும், வழி அகலும். மெயின் ஜெட்டும் ஒரு நம்பர் பெரிதாயிற்று. மறுபடி அதே சாலை, அதே காற்று. இந்தமுறை திணறல் இல்லை, பிளக் பழுப்பு.

தபசு முடியும்வரை வண்டி ஓய்வதற்கில்லை. அதன்பின் நிறுத்துவதானால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடித் திருகைக் கழற்றி, மிச்சத்தை வடித்துவிட வேண்டும். புது ஏர் ஃபில்டர் நாளை மறுநாள் வருகிறதாம்.