இழந்தவற்றைப் பார்ப்பது

சம்பாவும் தாளடியும் அறுத்து, உளுந்தும் எடுத்தபின் டெல்டா வயல்கள் காய்ந்து கிடக்கும் ஏப்ரல்தான் வானம் பார்க்க என் பருவம். தஞ்சாவூரின் அட்சரேகை 10.8 பாகை. கன்னி விண்மீன் மண்டலக் கொத்தின் நடுநாயகமான எம் 87 வான நடுவரைக்கு வடக்கே 12.4 பாகையில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுவில் இரவு பதினொரு மணிவாக்கில் அது ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். வளிமண்டலத்தின் குறுக்கீடு மிகக் குறைவான இடம் அது. ஆனால் டாப்சோனியன் தொலைநோக்கி உச்சியில் முரண்டு பிடிக்கும். இம்மி நகர்த்த அடிப்பெட்டியையே வெகுவாகச் சுழற்ற வேண்டும். அதனால் ஒரு மணி நேரம் முன்பே, கிழக்கே சாய்ந்திருக்கையில் பிடித்துவிடுவேன்.

நான் தேடுவது எம் 87க்கு மேற்கே ஒரு பாகைக்குள் இருக்கும் என்ஜிசி 4431, 4436 என்ற குறு விண்மீன் மண்டலங்களை. நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையை ஓரத்துக்கு ஒதுக்கிக் குழாயை லேசாகத் தட்டினால் மங்கல் அசையும். அசைவதைக் கண் பிடித்துக்கொள்ளும். தொலைவில் ஒரு மோட்டார் கொட்டகை விளக்கு எரிந்தாலே காரியம் கெட்டது.

கிடைப்பது வெறும் நீள்வட்டப் புகை. சுருள் இல்லை, முடிச்சு இல்லை. அந்த வெறுமைக்குக் காரணம் உண்டு. கொத்தின் இடைவெளியெங்கும் இரண்டு கோடி பாகைக்கு மேற்பட்ட சூட்டில் மெல்லிய வாயு நிரம்பியிருக்கிறது. நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் அதற்குள் விழும் குறுமண்டலத்தின் சொந்த வாயுவை அந்த எதிர்காற்று அடித்துச் செல்லும். நெல் தூற்றும்போது பதர் பறக்க மணி தங்குவதுபோல, விண்மீன்கள் மட்டும் மிஞ்சும். 1972இல் ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பெரிய மண்டலத்தின் ஈர்ப்பு வாயுவை ஓரளவு பிடித்து வைக்கும். குறுமண்டலத்துக்கு அந்த வலு இல்லை. வாயு போனால் புது விண்மீன் பிறக்காது. இருப்பவை மூத்துச் சிவக்கும். அருகே விரையும் பெரிய மண்டலங்களும் உலுக்கிவிட்டுப் போவதால் தட்டு உருவமும் குலைகிறது. முழுக்கவும் அல்ல: ஐசி 3328 என்ற குறுமண்டலத்தின் படத்திலிருந்து சீரான ஒளியைக் கழித்துப் பார்த்தவர்கள் 2000இல் அடியில் மெல்லிய சுருளைக் கண்டார்கள்.

கன்னிக்கு ஒரு மணி நேரம் பின்னால், தெற்கே முப்பது பாகை உயரத்தில் ஒமேகா செண்டாரி என்ற கோள விண்மீன் கொத்து உச்சம் தொடும். பால்வெளி விழுங்கிய ஒரு குறுமண்டலத்தின் மையக்கரு அது என்பது வானியலாளர் பலரின் கருத்து. குறிப்பேட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவேன்: ஒன்று வாயுவை இழந்தது, மற்றது உடலையே இழந்தது.